பதின்மூன்று முடிச்சுகள்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்து முடித்துவிட்டு "சும்மா அளக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அளப்பதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டி அளந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில். மதியம் 12:20க்குத் தொடங்கி 4:28க்கு முடிந்தது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? கப்பலில் வேலை பார்ப்பவன் கையில் கடிகாரம் இல்லாமல் கரையில் கால் வைக்கமாட்டான். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய உல்லாசக் கப்பலில். அந்தத் தடவை 110 நாள் பயணம். பயணிகளுக்கு அது ஊர் ஊராக, நாடு நாடாக ஒரு கனவு. எங்களுக்கு அது அழுக்குத் துணி. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத தளத்தில் எங்கள் லாண்டரி. மேலே சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று சாப்பாட்டு மணியை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்.

என் கேபினில் கீழ்க் கட்டில் ஒரு அண்ணனுடையது. இஸ்திரிப் பகுதியில் இருந்தார். எல்லாரும் அவரை "நிதானம்" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவர் ஒரு சட்டை தேய்க்கும் நேரத்தில் மற்றவர்கள் நாலு தேய்ப்பார்கள். ஆனால் கேப்டன் சட்டை மட்டும் அவர் கைக்குத்தான் போகும். "அவசரப்பட்டா மடிப்பு கோணலாயிடும் தம்பி" என்பார். சாப்பிடுவது நிதானம். குளிப்பது அதைவிட நிதானம். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் துணிகளுக்கு நம்பர் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. வெள்ளைத் துணித் துண்டில் அச்சடித்து, சட்டைக் காலரின் உட்பக்கம் தைத்துவிடுவார்கள். என் நம்பர் 617. பொடிப்பொடியாக, எறும்பு வரிசை போலத் தைத்தார். "இது பிரியவே பிரியாது, பாரு" என்று இழுத்துக் காட்டினார்.

துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் கடைக்கும் வண்டிக்கும் ஓடுவார்கள். அண்ணன் நடப்பார். ஊர் முழுக்க நடையாக நடந்து, நம் கப்பல் முழுசாகத் தெரிகிற ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பார். அங்கிருந்து ஒரு போட்டோ. ஒரு ஊருக்கு ஒன்று. அவருடைய மகள் அதையெல்லாம் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாளாம். துணைக்கு நான் போவேன். எனக்கு நடையில் ஆசை என்று இல்லை. அவர் ஒருவர்தான் என்னைக் கூப்பிடுவார்.

வழி மறக்காமல் இருக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பயணிகளின் துணி மூட்டைகளைக் கட்ட மஞ்சள் நிறத்தில் நம்பர் போட்ட துணிப்பட்டைகள் வைத்திருப்போம். டேக் என்போம். நைந்துபோனதைக் குப்பையில் போடுவது வழக்கம். அண்ணன் அதைப் பொறுக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். தெரு திரும்பும் இடத்தில் எல்லாம் விளக்குக் கம்பத்திலோ கம்பி வேலியிலோ ஒன்று கட்டிவிடுவார். இடது கையால் போடும் முடிச்சு, இரண்டு காது வைத்தது. வேறு யாருக்கும் அந்த முடிச்சு வராது. திரும்பும்போது அவர் முன்னால் போவார். நான் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வருவேன்.

"அடுத்தவங்க ஊரு. நாம குப்பை போட்டுட்டு வரக் கூடாது" என்பார்.

கட்டுவது அவர் வேலை. அவிழ்ப்பது என் வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் 31ஆம் நாள் அந்த ஊருக்குப் போனோம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், குறுகலான தெருக்கள், நடுநடுவே கல் படிகள். கப்பல் திரும்பி வரும்போதும் அங்கே நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். வேலைக்காரர்கள் எல்லாரும் மாலை 4:30க்குள் ஏறிவிட வேண்டும். 5:00க்குப் புறப்பாடு.

எனக்கு அன்று ஒரு அவசரம் இருந்தது. என் மகள் அந்த வாரம்தான் நடக்க ஆரம்பித்திருந்தாள். துறைமுக வாசலில் இருந்த கடையில் நெட் நன்றாகக் கிடைக்கும். 2:30க்கு வீடியோவில் வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அண்ணன் தன் பாணியில் நடந்தார். ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தார். ஒவ்வொரு பூனையையும் விசாரித்தார். அவருடைய வலது ஷூவின் அடி பிய்ந்துபோயிருந்தது. சர்ர்... டப். சர்ர்... டப். அந்தச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

1:35க்கு ஒரு படிக்கட்டுச் சந்துக்கு வந்தோம். மேலே கைப்பிடிக் கம்பியில் பதின்மூன்றாவது டேக்கைக் கட்டினார். படிகளுக்குக் கீழே பாதி திறந்த இரும்புக் கேட். அதற்கப்பால் ஆள் இல்லாத பழைய முற்றம்.

"உள்ளருந்து பாத்தா கப்பல் முழுசாத் தெரியும்போலிருக்கே. அஞ்சே நிமிஷம் தம்பி."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதாண்ணே? எனக்கு நேரமாவுது."

"நிதானமா இரு. வந்துடறேன்."

சர்ர்... டப். சர்ர்... டப். இறங்கிப் போனார்.

1:45 ஆனது. 1:55 ஆனது. மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

2:00 மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக். தகரத்தில் தட்டுகிற மாதிரி. கீழேயிருந்து.

கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. யாரோ குழாய் ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் எதுவும் நினைக்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பத்து படி இறங்கி எட்டிப் பார்த்திருக்கலாம். இறங்கவில்லை.

திரும்பி நடந்தேன். நடந்துகொண்டே டேக்குகளை அவிழ்த்தேன். கை பழக்கத்தில் அவிழ்த்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அது பொய். முதல் முடிச்சில் கை வைத்தபோதே எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வழி தெரியாமல் அலையட்டும், அப்போதுதான் இந்த மனுஷனுக்கு வேகம் வரும் என்று, வேண்டுமென்றே, பதின்மூன்றையும் அவிழ்த்தேன். 52லிருந்து 40 வரை. வரிசையாகவே கட்டியிருந்தார்.

2:30க்கு வீட்டோடு பேசினேன். மகள் நாலு அடி நடந்து பொத்தென்று உட்கார்ந்தாள். நான் கைதட்டிச் சிரித்தேன். பதின்மூன்று டேக்கும் அப்போது என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன.

4:30க்கு அண்ணன் வரவில்லை. 5:00க்கும் வரவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது.

சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே எறங்குனீங்க? கார்டு மெஷின்ல ஒரே நேரம் காட்டுதே?"

"துறைமுக கேட்டு வரைக்கும்தான் சார். அப்புறம் அவர் தனியாப் போயிட்டார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம். விட்டுவிட்டு வந்தவன் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். எப்படியும் நாளைக்கு ஆள் கிடைத்துவிடுவார், அதற்குள் எதற்கு வம்பு என்ற அசட்டுத் தைரியம். நான் சொன்னதை நம்பி அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் துறைமுகத்தைச் சுற்றி மட்டும் தேடினார்கள். மலைப்பக்கம் யாரும் போகவில்லை. நாலாம் நாள் "கப்பலை விட்டு ஓடிப்போனவர்" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அதற்கு மறுநாள் விடிகாலை பின்தளத்துக்குப் போய், பதின்மூன்று டேக்கையும் நடுக்கடலில் வீசினேன்.

பத்தாம் நாள் அவர் மனைவி போன் செய்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் அனுப்பிய மிக்சரைப் பாதிக்குமேல் தின்றவன் நான்.

"தம்பி, அவர் யாரோடயோ ஓடிட்டாருன்னு இங்க பேசறாங்க. இந்த மனுஷன் ஓடற ஆளா? நீங்களே சொல்லுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லண்ணி. அன்னிக்கு நான் அவரோட போகலை."

பிறகு, "பாப்பா போட்டோ கேக்கறா தம்பி" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழ்க் கட்டிலைப் பார்க்க முடியாமல் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

79ஆம் நாள். கப்பல் அதே ஊரில் மறுபடி நின்றது.

இறங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்து, நல்ல சட்டை ஒன்றை எடுத்து நானே தேய்த்தேன். காலரைத் திருப்பி, 617 மேலேயும் இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போதே தெரிந்துவிட்டது, போகப் போகிறேன் என்று. அந்தக் கேட்டையாவது ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம். அவ்வளவுதான் எண்ணம்.

12:20. கப்பலில் இருந்து இறங்கும் பாலத்தில் கார்டைக் காட்டினேன். டிங்.

துறைமுக வாசலுக்கு வெளியே முதல் விளக்குக் கம்பம். அதில் மஞ்சளாக ஏதோ கட்டியிருந்தது.

கிட்டே போனேன். டேக். இரண்டு காது வைத்த முடிச்சு.

என் மனசு துள்ளியதை எப்படிச் சொல்வேன்! உயிரோடு இருக்கிறார்! இங்கேயே எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்! கப்பல் திரும்பி வரும் தேதி அவருக்குத் தெரியும். எனக்காகக் கட்டி வைத்திருக்கிறார். திட்டட்டும். அடிக்கட்டும். காலில் விழுந்துவிடலாம். அண்ணிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிடலாம். தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டேக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

பரவாயில்லை, யாராவது தெருவுக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். அடுத்த திருப்பத்துக்கு ஓடினேன். அங்கே ஒன்று. அதற்கடுத்த கம்பி வேலியில் ஒன்று. வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. டேக்குகள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஐந்தாவதைப் பிழிந்தேன். விரல் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

அப்போதுதான் நம்பரைப் பார்த்தேன். 44.

பின்னால் திரும்பி முந்தைய கம்பத்துக்குப் போனேன். 43.

நான் கடலில் வீசிய டேக்குகள். நடுக்கடலில். பக்கத்தில் கரையே இல்லாத இடத்தில்.

இருந்தாலும் மனசு ஒரு சமாதானம் தேடியது. அதே நம்பரில் வேறு டேக் இருந்திருக்கலாம். இருந்திருக்கும். மணி 1:05. கடைகள் எல்லாம் மதியத்துக்கு மூடிவிட்டார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு குழந்தை அழவில்லை. ஒரு பாத்திரம் விழவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பூனைகூடக் கண்ணில் படவில்லை.

சத்தம் ஒன்றுதான் இருந்தது. எனக்கு முன்னால், அடுத்த திருப்பத்துக்கு அப்பால்...

சர்ர்... டப்.

"அண்ணே!"

நின்றது.

நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் ஓடிப்போய்த் திருப்பத்தில் எட்டிப் பார்த்தால் தெரு காலியாக இருந்தது. சத்தம் அதற்கடுத்த திருப்பத்தில் கேட்டது. அந்தச் சத்தம் ஓடவே இல்லை. அதே நடை. அதே நிதானம். ஆனால் என்னால் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை. சும்மா ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் மலை. அன்று ஏறிக்கொண்டே இருந்தேன்.

3:31. படிக்கட்டுச் சந்து.

கைப்பிடிக் கம்பியில் பதின்மூன்றாவது டேக். 52. அதன் முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கல்லில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

கீழே அந்தக் கேட். அன்று இருந்த மாதிரியே பாதி திறந்து...

"அண்ணே... நான்தான் வந்திருக்கேன்."

டக்... டக்... டக்.

அதே சத்தம். அன்றைக்குக் கேட்டதேதான்.

படி இறங்கினேன். ஒவ்வொரு படியாக. கேட்டைத் தாண்டினேன். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். தரைமட்டத்தில் சதுரமான பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று. மேலே மரப் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். நடுவில் இரண்டு பலகைகள் முறிந்து, கறுப்பாக ஒரு வாய். அதற்கு நேர் அப்பால், நீலக் கடலில் எங்கள் கப்பல். முழுசாகத் தெரிந்தது.

எல்லாம் புரிந்துவிட்டது. போட்டோவுக்காக இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று...

டக்... டக்... டக்.

பத்தடி தூரம். போய்க் குனிந்து பார்த்தால் போதும்.

கால் நகரவில்லை.

பிறகு அந்தக் குரல். தொட்டிக்குள்ளிருந்து. கோபம் இல்லாமல். தூக்கத்திலிருந்து எழுந்தவர் பேசுவது மாதிரி...

"தம்பி... வந்துட்டியா?"

மணி 3:38.

நான் திரும்பினேன். ஆமாம். இரண்டாவது தடவையும் திரும்பினேன்.

திரும்பிய அந்த நொடியில் பிடரியில் ஏதோ பட்டது. ஈரமான விரல். காலரை லேசாக இழுத்த மாதிரி. ஒரே ஒரு நொடிதான்.

அலறிக்கொண்டு படியேறினேன். கைப்பிடிக் கம்பியைப் பார்த்தேன்.

டேக் இல்லை.

கட்டியிருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும்.

கீழே ஓடினேன். அடுத்த திருப்பம். கம்பம் வெறுமையாக இருந்தது. ஈரத் தடம். அடுத்தது. அதுவும் வெறுமை. யாரோ எனக்கு முன்னால் அவிழ்த்துக்கொண்டே போயிருந்தார்கள்.

நான் அன்று செய்த மாதிரியே.

அதற்கப்புறம் ஈரத் தடமும் இல்லை. மூன்று தெருக்கள் பிரிந்தன. இடதுபக்கம் ஓடினேன். உடைந்த தபால் பெட்டி வைத்த நீலக் கதவு ஒன்று வந்தது. அங்கிருந்து கீழே ஓடினேன். படிகள், சந்து, மறுபடி படிகள்...

அதே நீலக் கதவு. அதே உடைந்த பெட்டி.

3:57.

வலதுபக்கம் ஓடினேன். மூச்சு இரைத்தது.

நீலக் கதவு.

4:04.

பின்னால்...

சர்ர்... டப்.

கதவைத் தட்டினேன். "யாராச்சும் இருக்கீங்களா?" உள்ளே ஒரு சலனமும் இல்லை.

சர்ர்... டப்.

பக்கத்தில் வந்துவிட்டது.

சர்ர்...

நின்றுவிட்டது.

என் பின்னாலேயே.

உப்பு வாடை.

திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அங்கேயே, அந்தக் கதவு முன்னால், தரையில் உட்கார்ந்துவிட்டேன். வழி தெரியாமல் அண்ணன் இப்படித்தான் அலையவேண்டும் என்று அன்று ஆசைப்பட்டேன். அது நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதேன்.

"நான்தாண்ணே அவுத்தேன். பழக்கத்துல இல்ல. கோவத்துல. நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் வந்துட்டேன். அண்ணிகிட்டயும் பொய் சொல்லிட்டேன். என்னை விட்டுடுங்கண்ணே..."

ஒரு சத்தமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. கப்பலின் சங்கு ஊதியது. கண்ணைத் திறந்தேன். 4:16. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் துணி உதறிக்கொண்டிருந்தாள். எங்கோ ரேடியோ பாடியது. நீலக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து நேராகத் துறைமுகத்துக்கு இறங்கியது. அந்தச் சந்து அதற்குமுன் அங்கே இல்லை. சத்தியமாக இல்லை.

4:28க்குக் கார்டைக் காட்டினேன். டிங்.

கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்து, "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்று சிரித்தார்.

தெருவில் காற்றிடம் அவ்வளவும் சொன்ன எனக்கு, மனிதர்கள் முன்னால் மறுபடி வாய் அடைத்துக்கொண்டது. "மலைமேல ஒரு பழைய தொட்டி இருக்கு. பலகை ஒடஞ்சிருக்கு. யாராச்சும் விழுந்திருக்கலாம். போலீசுக்குச் சொல்லச் சொல்லுங்க" என்றேன். இடத்தைச் சொன்னேன். அவ்வளவுதான். அண்ணன் பெயரை எடுக்கவில்லை. டேக் பற்றியும் மூச்சு விடவில்லை. கேபினுக்குப் போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி மூட்டையில் திணித்துவிட்டுப் படுத்தேன். மூன்று நாள் காய்ச்சல்.

82ஆம் நாள் காலை சூப்பர்வைசர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"கெடச்சுட்டார்யா நம்ம நிதானம். நீ சொன்ன தொட்டியிலதான். ஓடலை. விழுந்திருக்கார்."

வறண்ட தொட்டி. வலது கால் முறிந்திருந்ததாம். விழுந்த உடனே உயிர் போகவில்லை, குறைந்தது ஒரு நாளாவது இருந்திருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருந்தார். பக்கத்தில் அவருடைய ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதன் அடிப்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. சுவரில் தட்டித் தட்டி.

அதோடு விடவில்லை அவர். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

"நாப்பத்தெட்டு நாளு ஆச்சு. போட்டிருந்த துணியே மக்கிப்போச்சு. ஆனா கையில இதை இறுக்கி மூடி வச்சிருந்திருக்கார். வெரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம். இது புதுசா இருக்கு பாரு. தேய்ச்ச மடிப்புகூடக் கலையல. நம்ம கப்பல் நம்பர்தான். யாரோடது?"

வெள்ளைத் துணித் துண்டு. 617.

அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டது, அவிழ்த்தது, பொய் சொன்னது, எதையும் விடவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனது. போகட்டும்.

அண்ணிக்கு நானே போன் செய்தேன். முழுசாகக் கேட்டார். கடைசியில், "அப்ப அவர் ஓடிப்போகலை" என்றார்.

"இல்லண்ணி."

"அன்னிக்கு நான் போன்ல கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ணி."

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை முயற்சி செய்திருக்கிறேன். எடுப்பதில்லை. அவர் செய்வது நியாயம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னும் மிச்சம் இருக்கிறது.

அன்று ஆபீசிலிருந்து நேராகக் கேபினுக்கு ஓடினேன். மூட்டையைப் பிரித்து, நான் போட்டுக்கொண்டு போன சட்டையை எடுத்தேன். அன்று காலை நானே நம்பர்மேல் தேய்த்த சட்டை. காலரைத் திருப்பினேன்.

617 இல்லை.

கிழிந்திருந்தால்கூட ஓடும்போது எங்காவது மாட்டியிருக்கும் என்று மனசைத் தேற்றியிருப்பேன். கிழியவில்லை. துணியில் ஒரு கீறல் இல்லை. தையல் நூல் அப்படியே முழுசாக, ஒரே இழையாக, எங்கும் அறுபடாமல் காலர் மடிப்புக்குள் சுருண்டு கிடந்தது. அந்தப் பொடித் தையல்களைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கே அரை மணி நேரம் ஆகும். என் பிடரியில் அந்த விரல் பட்டது ஒரு நொடி.

அந்த ஒரு நொடிக்குள், ஒவ்வொரு தையலாக, நிதானமாகப் பிரித்திருந்தது.